இரண்டு பேரும் விட்டுக்கொடுத்த தேதி

1

நான் ஜெர்மனிக்கு வந்து இந்த ஆவணியோடு பன்னிரண்டு வருடம் முடிந்துவிட்டது. சென்னையை ஒட்டிய பட்டாபிராமில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று இன்னும் தெரியாது. மீதிப் பேர் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன தடவை வந்திருந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து, டிவியில் படம் ஓடமாட்டேன் என்கிறது, ஒரு பார்வை பாருங்கள் என்றார். ஒரு மணி நேரம் பார்த்தேன். ஓடவில்லை. அவர் முகத்தில் தெரிந்த அவநம்பிக்கையை நான் இன்னும் மறக்கவில்லை.

தெருக்காரர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எதையாவது சேமிக்க வேண்டுமென்றால் நேராக டிஸ்க்கிடம் போய்ப் பேசாது. நடுவில் ஒரு ஆள் உண்டு. இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்லி, அந்தப் பக்கம் சொன்ன பதிலை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும், கல்யாணத் தரகர் மாதிரி. அந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர். ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான வேலைகள் அதன் வழியாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எங்காவது இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் ஒரே பொருளில் கை வைத்துவிட்டால் குழப்பம். அந்த இடத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்கிறவன் நான். என் மனைவி கவிதா ஆவடிக்காரி, எதையும் சுருக்கமாகச் சொல்கிறவள். "உங்களுக்கு சண்டை விலக்கி வுடுற வேலை" என்பாள்.

2

இந்த வருடம் ஆடி முழுக்க ஒரே ஒரு பிழை என் உயிரை எடுத்தது.

ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் எங்கள் டிரைவர் ஓடுகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அங்கே எல்லாம் அப்படியே நின்றுவிடும். டிஸ்க் நன்றாக இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, எதுவும் உடையவில்லை. ஆனால் "எழுதி வை" என்று அனுப்பிய ஒரு கோரிக்கைக்கு மட்டும் பதிலே வராது. அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாம் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். கிடங்கில் லாரிகள் நிற்கும். அங்கிருந்து எங்கள் மேலாளர் பிரிகிட்டேவுக்கு ஃபோன் வரும். பிரிகிட்டே எழுந்து என் மேஜையை நோக்கி நடந்து வருவார்.

என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக நிரலுக்குள் நடுநடுவே "இங்கே வந்தேன், இங்கே வந்தேன்" என்று எழுதிக் காட்டும் வரிகளைச் சேர்த்தேன். சேர்த்த அன்றிலிருந்து பிழையைக் காணோம். எடுத்துவிட்டேன், வந்துவிட்டது. மறுபடி சேர்த்தேன், மறுபடி காணோம். எழுதிக் காட்ட ஆகும் துளி நேரத் தாமதத்திலேயே இரண்டு வேலைகள் மோதிக்கொள்ளாமல் தாண்டிப் போய்விடும். என் தம்பி குமார் பட்டாபிராமில் வாட்டர் கேன் போடுகிறான், அதற்கு ஒரு லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். தெருவெல்லாம் கடகடவென்று சத்தம் போடும் வண்டி மெக்கானிக் கடை வாசலில் மட்டும் பூனை மாதிரி நிற்கும். மூன்று வாரம் அந்த மெக்கானிக்கின் நிலையில்தான் இருந்தேன்.

எதிர் மேஜை மார்ட்டின் என்னைவிட நிதானமானவன். "அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டால் என்ன, பிழைதான் வரவில்லையே" என்றான். சிரிப்புக்குத்தான் சொன்னான். பிரிகிட்டே அதைக் கேட்டு ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தார்.

இதை எழுதிய புண்ணியவான் யார் என்று அந்த மூன்று வாரமும் தமிழில் திட்டிக்கொண்டே இருந்தேன். மார்ட்டினுக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்கு ஒரு பெரிய வசதி.

3

இதற்கு நடுவில்தான் காட்டுப்பாக்கத்திலிருந்து தங்கை தேவி கூப்பிட்டாள். அவள் மகளுக்குக் காது குத்த வேண்டும்.

எங்கள் பக்கம் காது குத்துவது குழந்தையின் வயதில் ஒற்றைப்படை வருடத்தில்தான். முதல் வருடம் என்னால் வர முடியவில்லை. தள்ளிப்போட்டார்கள். இப்போது மூன்றாவது வருடம் ஓடுகிறது, ஐப்பசி பிறந்ததும் முடிகிறது. புரட்டாசியில் செய்ய மாட்டார்கள். ஆக ஆவணி ஒன்றுதான் கையில் இருந்தது. அதை விட்டால் ஐந்தாவது வருடம், குழந்தை விவரம் தெரிந்து ஊரைக் கூட்டி அழும்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன்கள் இரண்டு பேர், நானும் குமாரும். மடி ஒன்றுதான் வேண்டும். நான் பெரியவன் என்பதால் அது என் உரிமை. அப்பா போனதிலிருந்து வீட்டில் எல்லாமே அப்படித்தான். வீட்டுக்கு வண்ணம் அடிப்பதிலிருந்து அம்மாவின் கண் ஆபரேஷன் வரைக்கும் "பெரியவன் இன்னா சொல்றான்னு கேட்டுக்கலாம்" என்று நிற்கும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும் என்னைக் கேட்காமல் வீட்டில் ஒன்றும் நடக்காது என்பதில் ஒரு பெருமை.

தேவி சொன்னாள், நீ வரும் தேதியைச் சொல், அதை வைத்து நாள் குறிக்கிறோம். பிரிகிட்டேவிடம் லீவு கேட்டேன். பிழையை முடி, மறுநாளே போ என்றார். பிழையோ நான் பார்த்தால் வராது. அப்படியானால் குமார் உட்காரட்டுமே என்று அம்மா கேட்டிருக்கிறாள். குமார் எனக்கு ஃபோன் போட்டு அதற்கு ஒரேயடியாக மறுத்தான்.

"நீ உயிரோட கீறசொல்ல நான் எப்டி அண்ணாத்தே குந்துறது? பாக்குறவன் இன்னா சொல்லுவான்?"

அவன் குரலில் கோபமில்லை, மரியாதைதான் இருந்தது. அந்த மரியாதையில் ஒரு குழந்தையின் காது மூன்று வருடமாகக் காத்துக்கொண்டிருந்தது.

4

இன்னொரு முடிச்சையும் சொல்ல வேண்டும். இங்கே தங்குவதற்கான என் அட்டை ஆடியிலேயே காலாவதி ஆகிவிட்டது. புது அட்டை கையில் இல்லாமல் இந்த நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி வருவது கேள்விக்குறி. வெளிநாட்டவருக்கான அரசு அலுவலகத்தில் அதைப் புதுப்பிக்க முன்பதிவு வேண்டும். முன்பதிவுக்குக் கம்பெனியின் கடிதம் வேண்டும். கடிதம் கொடுக்கிற பெண், செல்லுபடியாகும் அட்டையின் நகலைக் கேட்டாள். பிரிகிட்டே குறுக்கிட்டுக் கடிதத்தை வாங்கிக் கொடுத்தார்.

முன்பதிவு இல்லாமலே ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தேன். பள்ளி விடுமுறை என்பதால் மகள் யாழினியும் கூட வந்தாள், பதினொரு வயது. ஆபீசில் எல்லோரிடமும் ஒருமையில் பேசிப் பழகிய நாக்கு, அந்த அதிகாரி அம்மாளிடமும் "உனக்கு இதில் என்ன கஷ்டம்" என்று கேட்டுவைத்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஊரில் தாசில்தார் ஆபீசில் போய் "இன்னா நீ" என்று கேட்டது போல ஆகிவிட்டது. யாழினி ஒரு அடி முன்னால் வந்து, என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, காலியாக இருக்கும் முதல் நாள் எது என்று அழகான ஜெர்மனில் விசாரித்தாள். ஆவணியின் கடைசி ஞாயிறு தாண்டி, செவ்வாய்க்கிழமை என்று பதில் வந்தது.

வெளியே வந்ததும் "இனிமே நீங்க பேசாம இருங்கப்பா" என்றாள். அதையும் ஜெர்மனில்தான் சொன்னாள். டிராமில் திரும்பும்போது, உங்கள் ஊரில் காது குத்தும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களா என்று கேட்டாள். உங்கள் ஊர் என்று அவள் சொல்ல ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது திருத்துவதில்லை. போட மாட்டார்கள், வெற்றிலையும் பூவும் பழமும் வைத்துத் தட்டில்தான் ஊசி வரும் என்று மட்டும் சொன்னேன். "அது போதாதே" என்றாள்.

5

ஒரு சனிக்கிழமை மதியம். கவிதா சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாள். தேவியின் ஃபோன் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பின்னால் குமாரின் குரலும் கேட்டது. இரண்டு பேரும் பட்டாபிராம் வீட்டில்தான் இருந்தார்கள்.

நடந்தது இது. என்னிடமிருந்து தேதி வரவில்லை. பாரிவாக்கத்தில் தேவியின் மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மன் கோயில், அதை ஒட்டி ஒரு சின்ன மண்டபம். இதுவரை யாரும் நாள் குறிக்கவில்லையே என்று பார்த்துவிட்டு, தேவியின் வீட்டுக்காரர் அந்த மண்டபத்தை ஆவணி மூன்றாவது ஞாயிறுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். அவர் சொல்லிவைத்த அதே நாள் காலையில், இதுவரை யாரும் நாள் குறிக்கவில்லையே என்று பார்த்துவிட்டு, குமார் இரண்டாவது ஞாயிறுக்கு ஆசாரியையும் சமையல்காரரையும் பட்டாபிராம் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டான். நான் எப்படியும் ஓடி வந்துவிடுவேன் என்று இரண்டு வீட்டிலும் நம்பிக்கை.

அம்மா வழியாக இரண்டு சேதியும் அன்று சாயங்காலமே இரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் குறித்தபிறகு நாம் வேறு நாள் வைப்பது மரியாதையில்லை என்று குமார் ஆசாரியையும் சமையல்காரரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சின்னண்ணன் ஒரு நாள் குறித்தபிறகு நாம் மாற்றினால் மனசு கஷ்டப்படுவான் என்று தேவி மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் நிம்மதியாக ஐந்து நாள் இருந்திருக்கிறார்கள். ஆறாம் நாள் எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்கத் தேவியின் மாமியார் சமையல்காரருக்கு ஃபோன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் மண்டபம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டது. ஆசாரி வேறு ஊருக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். இரண்டு ஞாயிறும் போச்சு.

"எங்க வூட்ல வெச்சதுன்னு அவன் வுட்டுக்குடுத்தான், அவன் வெச்சதுன்னு நான் வுட்டுக்குடுத்தேன்" என்றாள் தேவி. "கடைசில பாப்பா மட்டும் அப்டியே கீது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கவிதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவன் நடுவில் நின்றுவிட்டேன். தேவி ஹலோ, ஹலோ என்றாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தேடி எடுத்தேன். கவிதா சாம்பார் ஆறுகிறது என்றாள். ஆறட்டும் என்றேன்.

டிரைவர் ஒரு கோரிக்கையை டிஸ்க்குக்கு அனுப்பினால் அதை முடித்துவைக்க இரண்டு வழிகள் உண்டு. டிஸ்க்கிடமிருந்து பதில் வந்தால் பதில் வாங்கும் பகுதி முடித்துவைக்கும். முப்பது நொடி ஆகியும் பதில் வரவில்லை என்றால் கடிகாரம் பார்க்கும் பகுதி, தோல்வி என்று எழுதி முடித்துவைக்கும். சரியாக முப்பதாவது நொடியில் பதிலும் வந்து கடிகாரமும் அடித்தால், ஒரே கோரிக்கையை இரண்டு பேரும் முடித்துவிடக் கூடாது. அதற்காக இரண்டு பகுதிக்கும் ஒரு ஒழுங்கு எழுதியிருந்தது. முதலில் உன் பெயரைப் போடு, பிறகு அடுத்தவர் பெயர் இருக்கிறதா என்று பார், இருந்தால் நீ விலகிக்கொள்.

இரண்டு பேரும் ஒரே கணத்தில் பெயரைப் போட்டார்கள். இரண்டு பேரும் அடுத்தவர் பெயரைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் விலகிக்கொண்டார்கள். கோரிக்கையை முடிக்க ஆளில்லை. கிடங்கில் லாரி நிற்கிறது.

இரண்டு பேர் ஒரே பொருளைப் பிடுங்கிக்கொள்வதைத்தான் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். விட்டுக்கொடுப்பதில் ஒரு பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும், வளர்ந்த வீடு அப்படி.

திங்கட்கிழமை மார்ட்டினிடம் காட்டினேன். அவன் அந்த வரிகளைப் படித்துவிட்டு, யார் எப்போது எழுதியது என்று பழைய பதிவுகளைத் திறந்தான். ஆறு வருடம் முன்பு. என் பெயர். மூன்று வாரம் நான் திட்டிய திட்டெல்லாம் வட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மார்ட்டின் எழுந்து போய் எனக்கு ஒரு காபி வாங்கி வந்தான்.

திருத்தம் சின்னதுதான். இரண்டு பெயர்ப்பலகை வேண்டாம், ஒரே பலகை. அதைத் தொடுவதும் அதில் பெயர் எழுதுவதும் பிரிக்க முடியாத ஒரே செயல். முதலில் கை வைத்தவன் முடிக்க வேண்டும், அவனுக்கு விலகும் உரிமை கிடையாது. பின்னால் வந்தவன் பேசாமல் போய்விட வேண்டும். பத்து வரிகூட இல்லை. பத்து நாள் இரவு பகலாக ஓடவிட்டுச் சோதித்தோம், நிற்கவில்லை. பிரிகிட்டே என் மேஜைக்கு வந்து, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார்.

6

இப்போது லீவு இருந்தது, அட்டை இல்லை. ஆவணியில் மிஞ்சியிருந்தது கடைசி ஞாயிறு மட்டும். அலுவலகத்தில் எனக்குக் கொடுத்திருந்தது அதற்கு அடுத்த செவ்வாய்.

பட்டாபிராம் வீட்டில் எல்லோரும் மறுபடி கூடியிருந்தார்கள், என் முடிவைக் கேட்க. தேவி, ஐந்தாவது வருடமே வைத்துக்கொள்ளலாம் அண்ணா, நீ நிம்மதியா வா என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் வந்தது, அதை மறைப்பானேன். இன்னும் இரண்டு வருடம் அந்த இடம் எனக்காகக் காத்திருக்கும். பிறகுதான் யோசித்தேன். இவ்வளவு நாளும் அங்கே பலகையில் என் பெயர் எழுதியிருந்தது. முடிக்க நான் அங்கே இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் விலகிக்கொண்டே இருந்தார்கள்.

ஃபோனைக் குமாரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"குமாரு, நீ குந்து."

"அதான் சொன்னேனே அண்ணாத்தே, நீ கீற..."

"நான் இல்லடா அங்க. நீதான் கீற. பாப்பாக்கு ஜுரம் வந்தா வண்டில தூக்கினு ஓடுறது நீ. நான் ஃபோட்டோ பாக்குறவன். இந்த ஞாயிறே குத்திடுங்க. நான் வரேன்னு சொன்னாகூட இனிமே எதுக்கும் நிக்காதீங்க."

 "கோவமா சொல்றியா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அழுகை வருகிறது, ஆனால் கோபமில்லை என்று சொன்னேன். அவனிடம் இப்படி நான் பேசியதே இல்லை. அவன் சரி என்று சொல்லிவிட்டு ஃபோனை அம்மாவிடம் கொடுத்தான். அம்மா, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

7

ஆவணி கடைசி ஞாயிறு, எங்களுக்கு விடிந்த கொஞ்ச நேரத்தில், வீடியோவில் பார்த்தோம். பட்டாபிராம் வீட்டு வாசலில் பந்தல். குமார் புது வேட்டியில் மணையில் உட்கார்ந்திருந்தான். ஆறடி ஆள், பரீட்சைக்கு வந்தவன் மாதிரி விறைத்துப்போயிருந்தான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பாப்பா அவன் மடியில். ஆசாரி தட்டைக் கொண்டுவந்தபோது குழந்தை சட்டென்று திரும்பி அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அவன் அதன் தலையில் கன்னத்தை வைத்து என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தான். அழுது முடித்தபிறகும் அது சட்டையை விடவில்லை. தேவி ஃபோனை அதன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். அது பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எனக்கு வயிறு எரிந்தது. நல்லவேளை, என் மடியில் உட்காரவைத்திருந்தால் இன்னும் அதிகமாக அழுதிருக்கும் என்றும் தோன்றியது. யாழினி தூக்கக் கலக்கத்தில் என் தோளில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே ஊசி போடாமல்தான் குத்தினார்களா என்று இரண்டு முறை கேட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் நான் யாரிடமும் ஒருமையில் பேசவில்லை. அட்டை வந்துவிட்டது. கிடங்கில் லாரிகள் நிற்கவில்லை. பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம்.

போன வாரம் தேவி கூப்பிட்டாள். சாம்பார் பொடி தீர்ந்துவிட்டதா, குளிர் ஆரம்பித்துவிட்டதா என்று என்னென்னமோ பேசினாள். நடுவில், விஜயதசமி அன்று பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம், சின்னண்ணன்தான் கூட வந்து கையெழுத்துப் போட்டான் என்றாள். விஜயதசமி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன்.